விசிலுக்குப் பின்

எனக்கு ஆறு மணி ஷிஃப்ட். திருவானைக்காவலில் ஐந்தே காலுக்கு பஸ் பிடித்தால்தான் கண்டோன்மென்ட் ஆபீஸில் நேரத்துக்கு உட்கார முடியும். என்ன வேலை என்று யாராவது கேட்டால் சிரிப்புதான் வரும். அமெரிக்காவில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த ஆட்ட வீடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, யார் யாரை எப்போது இடித்தார்கள் என்று குறிக்க வேண்டும். விசிலுக்கு முன் என்றால் ஒரு கட்டம், விசிலுக்குப் பின் என்றால் இன்னொன்று. ஏதோ கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறார்களாம்.

முதல் மாதமே மானம் போனது. அடிபட்டு ஒருவன் கிடப்பான், சுற்றி எல்லாரும் ஒரு முழங்காலை ஊன்றி உட்காருவார்கள். ஜெயித்ததற்கு சாமி கும்பிடுகிறார்கள் என்று நானும் பக்கத்து சீட்டுப் பெண்ணும் அத்தனையையும் ‘கொண்டாட்டம்’ கட்டத்தில் போட்டுத் தள்ளினோம். ஸ்ரீரங்கத்துப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? பலமாக அடிபட்டவனுக்காக மற்றவர்கள் அப்படிக் காத்திருப்பது அங்கே வழக்கம் என்று பிறகுதான் சொன்னார்கள். எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒரு டீம் தோற்கத் தோற்க, அவர்களுடைய ‘விசிலுக்குப் பின்’ கட்டம் நிரம்பிக்கொண்டே போகும். விழுந்து கிடப்பவன் மேல் பாய்வார்கள், ஹெல்மெட்டைப் பிடித்துத் திருகுவார்கள். விதி தெரியாமல் செய்கிறவன் அதில் ஒருத்தன்கூடக் கிடையாது. கோச் கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “எருமை, விசில் காதுல விழலையா?” என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கத்தி, டீம் லீடரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் வளர்த்தவன். சம்பளத்துக்குக் கபடி ஆடுகிறான். முந்தின நாள் பொன்மலை கிரவுண்டில் நடந்த மேட்ச்சில், எதிர் டீமிலிருந்து பாடி வந்த ஒருவனின் கணுக்காலை இவன் பிடித்ததில் அவன் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. மறுநாள் கமிட்டி கூப்பிட்டிருந்தது. விசிலுக்குப் பிறகு செய்தது என்று தெரிந்தால் ஒரு வருஷம் ஆட முடியாது. அடுத்த வாரம் அரசாங்க டிபார்ட்மென்ட் டீமுக்கு செலக்‌ஷன் இருந்தது. அதில் தேறினால் வேலை.

யாரோ எடுத்த வீடியோவைப் போனில் காட்டினான்.

“அக்கா, நீதானே தினமும் இதைப் பாத்துக் குறிக்கறே. விசிலுக்கு முன்னாடிதான்னு எழுதிக் குடுத்துடு. கமிட்டில நம்புவாங்க.”

“கால் போச்சே, அவன் யாருடா?”

“என்னை மாதிரிதான். அவனும் அந்த செலக்‌ஷனுக்குத்தான் வரவேண்டியவன்.”

லேப்டாப்பில் போட்டு, ஆபீஸில் செய்வது போலவே நகர்த்தினேன். பாடி வந்தவனை ஐந்து பேர் அமுக்குகிறார்கள். அவன் பாட்டு நின்று மூச்சு விடுகிறான், விசில் கேட்கிறது. நாலு பேர் கையை எடுக்கிறார்கள். ஐந்தாவது ஆளின் கை மட்டும் விலகவில்லை. அதற்குப் பிறகுதான் கணுக்காலைத் திருகுகிறது. என் கடவுளே, அந்த மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கயிறு நான் கட்டிவிட்டது.

“வேகத்துல வந்ததுக்கா. டக்குனு கையை எடுக்க முடியுமா?”

நான் வீடியோவை மேலே ஓடவிட்டேன். விழுந்தவன் துடிக்கிறான், அவன் டீம் ஆட்கள் சுற்றி முழங்கால் ஊன்றி உட்காருகிறார்கள். என் தம்பி குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான்.

“பாரு, அங்கேயே மன்னிப்புக் கேட்டுட்டேன் பாரு!”

“அவன் எந்தப் பக்கம் கெடக்கான்? நீ எந்தப் பக்கம் பாத்துக் கும்பிடறே?”

அவன் ஸ்கோர் போர்டைப் பார்த்துக் கும்பிட்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்திலிருந்து பாயிண்ட் எடுத்தால் அப்படித்தான் செய்வான். என்னிடமே கதை விடுகிறான். மறுபடி ஓட்டினேன். இன்னொரு தடவையும் ஓட்டினேன்.

“போதும்க்கா.”

நான் நிறுத்தவில்லை. விசில் சத்தம் அந்தச் சின்ன ரூமில் திரும்பத் திரும்பக் கேட்டது.

“வேணும்னுதான் திருகினேன்” என்றான். “முதல் பாதியில என்னைப் பாத்து சிரிச்சான், அந்தக் கோவம். தப்புதான்க்கா. நாளைக்கு நானே சொல்லிடறேன்.”

தலையைக் குனிந்துகொண்டான். அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் எழுந்து போய் அவன் கன்னத்தில் அறைந்தேன். ஒன்றோடு நிறுத்தினேனா என்றால் அதுவும் இல்லை. இரண்டாவது அடி காதில் விழுந்தது. எத்தனையோ பேரை இழுத்துப் போடுகிறவன், கையைத் தூக்கி மறைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“அதான் விசில் அடிச்சாச்சேக்கா” என்றான்.

மறுநாள் கமிட்டியில் அவனே உள்ளதைச் சொன்னான். ஒரு வருஷம் தடை போட்டார்கள். இரண்டு பேரும் இல்லாமலே செலக்‌ஷன் நடந்தது. இப்போது வாரம் தவறாமல் அந்தப் பையனை பைக்கில் உட்காரவைத்து, கால் பயிற்சிக்கு அழைத்துப் போகிறான். முதல் நாள் அவன் வீட்டு வாசலிலேயே, அவன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டானாம்.

பயிற்சி முடிந்ததும் நேரே என் வீட்டுக்குச் சாப்பிட வருவான். நான் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, ஊர்க்கதை எல்லாம் பேசுவேன். அவன் காதைப் பார்க்க மாட்டேன். இன்னும் ஒரு தடவைகூட நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.