மண் காயும்வரை

கிண்ணத்திலிருந்த களிமண்ணில் தண்ணீர் விட்டதும், மழை பட்ட வயலின் மணம் குளியலறையை நிறைத்தது. என் சுருட்டை முடிக்கு ஒரு கிழமை ஷாம்பு, மறு கிழமை இந்த மண்.

சிறுவயதில் அதை வாப்பா சாகாமத்து வயலிலிருந்து கொண்டுவருவார். உம்மா என்னைக் கிணற்றடியில் இருத்தி, சவர்க்காரம் போட்டுக் கழுவிய தலையில் அப்பிவிடுவார். அம்பாறையில் கட்டுரைப் போட்டி இருந்த காலையிலும் அப்பினார். என் வெள்ளைச் சீருடை கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

“உம்மா, பஸ் வந்துட்டு.”

“இரி புள்ள. மண் காயாத தலையோட ரோட்டுல இறங்கினா ஊர் சிரிக்கும்.”

காய்ந்த இடத்திலெல்லாம் இன்னொரு கை அப்பினார். ஹோர்ன் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகே தண்ணீர் வார்த்தார்.

“பொம்புளப் புள்ளைக்கி அம்பாறை மட்டும் போய் என்ன போட்டி?”

அதன்பின் போட்டி நாட்களில் உம்மா எழும்புமுன்னே குளித்துவிடுவேன். எங்கள் குடும்பத்தில் முதலில் கம்பஸுக்குப் படிக்கப் போனவள் நான்தான்.

குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

“மகள், மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க. கெதியா வா.”

கலியாணத்தோடு படிப்பை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் முன்பே சொல்லியனுப்பியிருந்தார்கள். வாப்பாவும் ஓம் என்றுவிட்டார்.

“மண் இன்னம் காயல்ல உம்மா.”

உம்மா மறுபடி கதவைத் தட்டினார்.

“எவ்வளவு நேரத்துக்கு மகள் அப்பிக்கிட்டு இருப்பாய்?”

நெற்றியில் மண் காய்ந்து தோலை இழுத்தது. இன்னொரு கை அள்ளி அப்பினேன். கிண்ணத்தின் அடி தெரிந்தது.