பதினோரு தலைவர்களும் ஓர் உறுப்பினரும்

இட்செல் பராஹாசுக்கு வாய் அதிகம் என்று அவள் அம்மா ஒரேலியா சொல்வாள். அமெரிக்காவில் யாக்கிமா என்ற ஊரின் ஆப்பிள் கிடங்கில் பதினேழு வருடமாகப் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிற அம்மாவுக்கு மட்டும் வாய் குறைச்சலா என்ன? மகள் பிசினஸ் படிக்கப்போகிறாள் என்று கிடங்கு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள்.

பல்கலைக்கழகத்தில் கால் வைத்த உடனே பிசினஸ் படித்துவிட முடியாது. முதல் இரண்டு வருடம் கணக்கியல், பொருளாதாரம், கணிதம் எல்லாம் முடித்துவிட்டு, பிசினஸ் துறைக்கென்று தனியாக விண்ணப்பம் போட வேண்டும். மூன்று பேரில் ஒருவருக்குத்தான் இடம். இரண்டே முறைதான் போடலாம். இட்செல் ஒரு முறை போட்டுத் தோற்றவள். மதிப்பெண் போதும், தலைமைப் பண்பு போதாது என்று பதில் வந்திருந்தது.

தலைமைப் பண்பாம்! அதற்கு அங்கே ஊரறிந்த வழி ஒன்று உண்டு, சங்கம் ஆரம்பிப்பது. கூடப் படிக்கும் பிரெய்டன் ஆரம்பித்த முதலீட்டுச் சங்கத்தில் இட்செலும் சேர்ந்தாள். மொத்தம் பன்னிரண்டு பேர். பிரெய்டன் தலைவர். மற்றவர்கள் விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று கேட்கக் கேட்க, இணைத் தலைவர், துணைத் தலைவர், செயல் தலைவர் என்று பதவியைச் சுண்டல் மாதிரி அள்ளிக் கொடுத்தான். அறை பிடிப்பது, பேச ஆள் கூட்டி வருவது, கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்குவது எல்லாம் இட்செல்.

இரண்டாம் முறை விண்ணப்பம் போடும் நேரம் வந்தபோது அவளுக்கும் ஒரு பதவி தருவதாகச் சொன்னான்.

“நாற்காலி அடுக்குறதுக்கு என்ன பதவிடா வச்சிருக்க?” என்று கேட்டாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தில் ‘உறுப்பினர்’ என்று எழுதினாள்.

மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஹால்வர்சன் அம்மையார் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். நல்ல மனுஷி, கெட்டது நினைக்காதவர்.

“ஒரே ஒரு வார்த்தைம்மா. மாத்தினா பொய்கூட இல்ல, வேலையெல்லாம் நீதானே பாத்த?”

அம்மாவோ போனில், ராணி என்றே போட்டுக்கொள், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றாள். இட்செலுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஆனாலும் அந்தப் பதினோரு பேர் வரிசையில் பன்னிரண்டாவதாகப் போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. மாற்றவில்லை.

நேர்காணலில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்டவர் காகிதத்தைப் புரட்டினார்.

“இந்தச் சங்கத்துலேர்ந்து இந்த வாரம் அஞ்சு தலைவர்களைப் பாத்துட்டோம். நீங்க மட்டும் உறுப்பினர்னு போட்டிருக்கீங்க. ஏன்?”

“சங்கம்னு ஒண்ணு இருந்தா யாராவது ஒருத்தர் உறுப்பினரா இருக்கணுமே சார்.”

பக்கத்திலிருந்த பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடிக்காரர் ஏதோ எழுதிக்கொண்டார்.

ஏப்ரலில் பதில் வந்தது. இடம் இல்லை. தலைமைப் பண்பு போதாது என்று அதே வரி, ஒரு புள்ளிகூட மாறவில்லை. தலைவர்களில் நான்கு பேருக்குக் கிடைத்தது, பிரெய்டனுக்கும்தான். இட்செல் நூலகக் கழிப்பறையில் போய் அழுதாள். வெட்கமில்லாமல், மூக்கு சிவக்கச் சிவக்க அழுதாள். பிறகு பொருளாதாரத் துறையில் பெயரைப் பதிந்துவிட்டு, அங்கிருந்து நேராக மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு நடந்தாள்.

படிவத்தில் ஒரே கேள்வி. விண்ணப்பித்த பிறகு மாறியிருக்கும் தகவல் என்ன? அவள் எழுதினாள்: ‘எதுவும் மாறவில்லை. அறை பிடித்தது நான்தான்.’

அலுவலகப் பெண் வாசித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“புதுசா ஏதாவது இருந்தாத்தான் எடுத்துப்பாங்க. இது கண்டிப்பா திரும்பி வந்துரும்.”

“வரட்டும். நீங்க தேதி முத்திரை குத்தி ஒரு நகல் குடுங்க. எங்கம்மா அதைக் கிடங்குல ஒட்டணும்.”