ஐந்தாவது பிள்ளை

அருமனைக்குப் பக்கத்து அங்கன்வாடியில் சகாயசெல்விக்கு முப்பத்திரண்டு வருட வேலை. ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட இரண்டு கை போதாது. இப்போது நாலே நாலு பேர். ஐந்தாவது ஒன்று சேராவிட்டால் ஜூனில் மையத்தை அடுத்த ஊரோடு சேர்த்துவிடுவோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை இந்தக் கதவைத் தன் கையால்தான் திறக்க வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம்.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். என்ன வீடுகள், போங்கள்! வளைகுடாப் பணத்தில் நாலு படுக்கையறை, போர்டிகோ, டைல்ஸ். உள்ளே ஆள்தான் இல்லை. இருந்தால் ஒற்றைப் பிள்ளை, அதையும் காலை ஏழரைக்கே பள்ளி வேன் அள்ளிக்கொண்டு போய்விடும்.

கடைசியாகப் பெபிஷா வீடு. அவள் கணவன் ஜிபின் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கிறவன். மூன்று வயதில் ஒரே மகள்.

"மக்கா, பிள்ளைய எனக்குத் தா. முட்டை உண்டு, சத்துமாவு உண்டு, ஒரு பைசா செலவில்ல."

"இங்கிலீஷ் ஸ்கூல்ல சேத்தாச்சுக்கா. அவளாவது எங்களப்போல மழைக்கு வானத்தப் பாத்துட்டு இருக்காம நல்ல வேலைக்குப் போகட்டும்."

"அப்ப இன்னொண்ணு பெறுட்டி. அத எனக்கு விடு."

வேடிக்கையாகச் சொன்னதுதான். பெபிஷாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எனக்கு ஆசை இல்லியா? மழை பெஞ்சா ரப்பர் வெட்டில்ல, எலை உதுந்தா வெட்டில்ல. உள்ள ஒண்ணுக்கு ஃபீஸ் கெட்டவே நாக்கு தள்ளுது. ஒங்களுக்கும் ஒண்ணுதானே? நீங்க ஏன் நிறுத்துனீங்க?"

யார் கேட்டாலும் 'கர்த்தர் தந்தது அவ்வளவுதான்' என்று சொல்லிப் பழகிய வாய். அன்று அது வரவில்லை.

"நிறுத்தல பிள்ளே. ரெண்டாவது வயித்துல மூணு மாசம். எங்க வீட்டுக்காரருக்கும் ரப்பர் வெட்டுதான், அந்த வருசம் வெட்டே இல்ல. எனக்குக் கெடச்ச சம்பளம் அஞ்ஞூறு ரூவா. நானேதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட அவள் சொல்லாதது. சொல்லி முடித்ததும் விம்மி அழுதாள். பெபிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு சகாயசெல்வி எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. படிவத்தில் நாலு என்றே எழுதிக் கொடுத்தாள்.

ஜூனில் சாவியை ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு மனம் தானாகவே எண்ணியது. அது பிறந்திருந்தால் இப்போது இருபத்தெட்டு வயது. அங்கன்வாடிக்கு அனுப்ப அதற்கே ஒரு பிள்ளை இருந்திருக்கும்.