காமித் சார் விழுங்கிய பெயர்

காமித் எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். நானும் அங்கேதான் பாடம் நடத்துகிறேன். மணிலாவிலிருந்து பத்திரிகைக்காரர்கள் எங்கள் சதுப்புநிலப் பக்கம் வந்தால், எங்கள் மகிந்தனாவ் பேச்சை அவர்களுடைய தகாலோக் மொழியில் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வருடம் பெலிசா என்ற நிருபர் வந்தார். சண்டை நடந்த சமயத்தில் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். காமித் அவரைச் சுரைடாவின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மீன் பிடிக்கப் போன சுரைடாவின் கணவர் திரும்பவே இல்லை.

"சந்திகன்தான் கூட்டிட்டுப் போனான். கரையில நின்னு பாத்தேன். மூஞ்சில துணிகூடக் கட்டல. பேர் சொல்லிக் கூப்பிட்டான், இவரும் படகை விட்டு இறங்கிப் போனாரு" என்றாள் சுரைடா.

சந்திகன் ஊர்க்காவல் படைத் தலைவன். காமித்தின் மனைவிக்குத் தாய்மாமன்.

காமித் தொண்டையைச் செருமிக்கொண்டு தகாலோகில் சொன்னார்: "துப்பாக்கி வச்சிருந்த சில பேராம். யாருன்னு அடையாளம் தெரியலையாம்."

"ஏதோ பேர் சொன்னாங்களே?"

"அது அவங்க வீட்டுக்காரர் பேரு மேடம்."

கட்டுரை அப்படியே வெளிவந்தது. கொதபாத்தோ நகரில் படிக்கும் சுரைடாவின் மகள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் இடைவேளையில் சுரைடா பள்ளி வாசலுக்கே வந்துவிட்டாள். காமித்தும் நானும் வாழையிலையில் சோறு கட்டிய பாஸ்தில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

"சாரே, எனக்குப் பயம் இல்லைன்னு நெனச்சியா? மூணு புள்ளைங்களை வச்சுக்கிட்டுத்தான் அந்தப் பேரைச் சொன்னேன். உன்னை நம்பி என் வாயையே குடுத்தேன். நீ அதைப் பொத்திட்டியே!"

பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். காமித் தலை நிமிரவில்லை. இலையிலிருந்த சோறு அப்படியே கிடந்தது. அதன்பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேதான் பாடம் நடத்துவார்.

ஒரு வாரம் கழித்து அவரே பெலிசாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஒலிப்பதிவு கையிலேயே இருக்கு. இன்னொருத்தரை வச்சுக் கேட்டுப் பாத்திருக்கணும். அவசரப்பட்டுட்டேன். எனக்கும்தான் வெக்கமா இருக்கு சார்" என்றார் பெலிசா.

பெலிசா திரும்பி வந்தபோது சுரைடாவின் மகள்தான் மொழிபெயர்த்தாள். நான்கு மாதம் அலைந்து, படகோட்டிகள் மூன்று பேரைப் பேசவைத்தார். அவர்கள் காட்டிய மீன்குட்டைக் கரையில் தோண்டியபோது ஐந்து உடல்கள் கிடைத்தன. சட்டையை வைத்துச் சுரைடா தன் கணவரை அடையாளம் கண்டாள். சந்திகன் கைதானான்.

நீதிமன்றத்தில் அவனுடைய வக்கீல் பழைய கட்டுரையை நீட்டினார். "அடையாளம் தெரியலைன்னு அப்ப சொன்ன அம்மாவுக்கு இப்ப மட்டும் எப்படிங்க தெரிஞ்சது?"

காமித் சாட்சிக் கூண்டில் ஏறினார். மனைவியின் சொந்தக்காரர்கள் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த அம்மா அப்படிச் சொல்லவே இல்லைங்க. அது நான் சொன்ன பொய். அவங்க அன்னைக்கே பேரைச் சொன்னாங்க. இவர் பேரைத்தான்" என்று சந்திகனை நோக்கிக் கை நீட்டினார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. மாமியார் வீட்டு விசேஷங்களுக்குக் காமித்தை யாரும் அழைப்பதில்லை. சந்தையில் எதிரே வந்தால் சுரைடா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கலாமே?" என்று காமித்திடம் கேட்டேன்.

"கேட்டா அவங்க பதில் சொல்லியாகணும். அந்தத் தொல்லையையும் நான் ஏன் குடுக்கணும்?" என்றார்.