மண்டி போடும் கார்

பழைய சொகுசு கார் ஒன்றை வைத்துக் காப்பாற்றுவது சம்பளம் தராத முழுநேர வேலை. வாசலில் அப்படி ஒன்று நிற்கிறவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது புரியாது, புரியாமலே இருக்கட்டும். மகள் தூங்கிவிட்டாள், அதனால் எழுதுகிறேன்.

பால்காரம்மா கண்டது

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர், நான் மாசமாக இருந்தபோது வாங்கிய கார் அது. எங்களுக்கு முன்னால் இரண்டு பேரிடம் இருந்திருக்கிறது. திருக்கோகர்ணத்திலிருந்து கீரனூருக்கு, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு, தினமும் போய்வர வேண்டும். வயிறு குலுங்கக் கூடாது என்பது அவர் கவலை. அந்தக் காரில் ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் மேலே காற்றுப் பைகள். ரோட்டையும் பாரத்தையும் பார்த்து, கார் தானாகவே தன்னை மாற்றிக்கொள்ளும்.

வயிற்றில் இருந்தவள் இப்போது பின்சீட்டில் உட்கார்ந்து என்னோடு பள்ளிக் காப்பகத்துக்கு வருகிறாள். ஒருநாள் காலையில் பார்த்தால் காரின் முன்பக்க இடது மூலை தரையோடு படுத்துக் கிடக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் உள்ளே ஏதோ உறுமியது. கார் மெதுவாக எழுந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கான்வென்டில் படித்தவள் என்பதால் மாதாவுக்கு ஒரு ஜெபம், வீட்டு வழக்கப்படி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று வேண்டிக்கொண்டு கிளம்பினேன். முதலிலிருந்தே கேனோடு நின்று பார்த்த பால்காரம்மா மட்டும் நகரவில்லை. "என்னத்தா இது, பால் குடிக்கப் போற ஆட்டுக்குட்டி மாதிரில்ல மண்டி போட்டு நின்னுச்சு?"

இரண்டு வழி

மெக்கானிக் செல்வம் அண்ணன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். காற்றுப் பை வெடிப்பு விட்டிருக்கிறதாம். வழி இரண்டு. அதே மாதிரிப் பை வரவழைத்துப் போடலாம். ஆனால் மற்ற மூன்றுக்கும் அதே வயசு, அவையும் அடுத்தடுத்துச் செலவுக்குக் கூப்பிடும். அல்லது நான்கையும் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போடலாம். அப்புறம் கார் தன்னை மாற்றிக்கொள்ளாது, குலுங்கும்.

இப்படியே ஓட்டினால் நடுரோட்டில் பொத்தென்று விழுமா என்று கேட்டேன். விழலாம், விழாமலும் இருக்கலாம் என்றார். பின்சீட்டில் குழந்தை இருக்கிறது, நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "ரெண்டும் நல்லதுதாங்க. ஆனா இங்க வர்றவங்க ரெண்டையும் விட்டுட்டு, 'பாத்துக்கிறேன்'னு சொல்லிட்டுத்தான் போவாங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாமாவின் கணக்கு

மாமனாருக்கு ஆவுடையார்கோவில் பக்கம் வயல். இளவயதில் மாட்டு வண்டியில் நெல் ஏற்றிப் போனவர். வண்டி முன்னால் தாழ்ந்தால் பாரத்தைப் பின்னால் தள்ளு, இதுதான் அவர் படித்த சஸ்பென்ஷன். நான் சமையலறையில் இருந்த நேரத்தில், கார் டிக்கியின் வலது மூலையில் இரண்டு அரிசி மூட்டையை அடுக்கிவிட்டு, சாவியையும் கேட்டு வாங்கி ஸ்டார்ட் செய்தார்.

பின்னால் பாரம் ஏறியதைக் கார் உணர்ந்துகொண்டது. இருக்கிற காற்றையெல்லாம் பின்னால் அனுப்பிப் பின்பக்கத்தைத் தூக்கியது. முன்மூலை படுத்தபடியே கிடந்தது. அவர் மூன்றாவது மூட்டையை வைத்தார். கார் பின்பக்கத்தை இன்னொரு முறை தூக்கிக் காட்டியது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். "பாரம் ஏத்துனா மாடே முதுகு வளைக்கும். இது நிமிருது. என்ன பொறப்பும்மா இது?"

சிங்கப்பூரின் கருத்து

கணவரிடம் போனில் சொன்னேன். ஸ்பிரிங் போடலாமா என்றதும், பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று கேட்டதுபோல, அவசரப்படாதே என்றார். பிறகு அந்தக் காற்றுப் பைகளின் பெருமையைச் சொன்னார். அவர் அந்தக் காரில் மொத்தம் ஒரு லீவுக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். "அத எடுத்துட்டா அது எல்லார் வீட்டுக் காரும் மாதிரி ஆயிரும்டி."

கண்டக்டரின் கருத்து

கடைசியில் கார்தான் முடிவெடுத்தது. சாயங்காலம் கீரனூரைத் தாண்டி, ஊர்க்காரர்களே கோயில் திருவிழாவுக்காகப் போட்டு, அப்புறம் எடுக்க மறந்த வேகத்தடை ஒன்று இருக்கிறது. அதில் ஏறி இறங்கியதும் முன்மூலை கீழே போனது, எழவில்லை. டயர் எங்கோ உரசியது, ஸ்டியரிங் கனத்தது. எப்படியோ ஓரங்கட்டினேன். கூட வந்த ஸ்டெல்லா டீச்சர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

அந்த பஸ்ஸுக்கு ஸ்பிரிங் இருந்ததாகவே தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி, டிக்கெட் பை, நாங்கள், எல்லாம் சேர்ந்து குலுங்கினோம். ஸ்டெல்லா மடியில் என் மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். காற்றுப் பையில் ஒருநாளும் தூங்காதவள். நான் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். டிக்கெட்டுக்கு நான் கை நீட்டவில்லை என்று கண்டக்டர் குனிந்து பார்த்தார். "பாப்பாவே தூங்கிருச்சுங்க. நீங்க கம்பிய விடுங்க, பஸ்ஸு எங்கிட்டும் போயிராது."

வீட்டுக்கு வந்ததும் செல்வம் அண்ணனுக்குப் போன் செய்து, ஸ்பிரிங் என்றேன்.

மஞ்சள் விளக்கு

ஸ்பிரிங் போட்டாயிற்று. மாமா நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான்கும் ஒரே மாதிரி நசுங்கியதைக் குனிந்து பார்த்து, இப்போதுதான் வண்டி என்றார். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. லீவுக்கு வரும்போது முதல் வேகத்தடை சொல்லிவிடும்.

மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை. கார் இன்னும் தன் காற்றுப் பைகளைத் தேடுகிறதாம். ரோட்டை விட்டு அதையே பார்த்துக்கொண்டு ஓட்டி, திரும்பவும் பட்டறைக்கே போனேன். செல்வம் அண்ணன் என் நெற்றியைப் பார்த்தார், கைப்பையில் இன்னொரு ஸ்டிக்கர் பொட்டு இருக்கும்தானே என்று கேட்டார். கொஞ்சம் பெரிய பொட்டாக எடுத்து, விளக்கின் மேல் நானே ஒட்டினேன். செல்வம் அண்ணன் தலையாட்டினார். "அது தேடட்டும் விடுங்க. நீங்க ரோட்டப் பாருங்க."

ரோட்டுக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்கிற பாகம் அந்தக் காரில் இப்போதும் ஒன்று இருக்கிறது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.