இருபத்தேழு அங்குலம்

லாட்ஜுக்குப் போன் போடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் வாடகையைக் கேட்பார்கள். கொஞ்சம் விவரமான ஆட்கள் வெந்நீர் வருமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பார்கள். காரைக்குடி முத்தையா ஆசாரி கேட்ட கேள்வியை, அந்தக் கொடைக்கானல் லாட்ஜ் கட்டின நாளிலிருந்து ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"பாத்ரூம் கதவு என்ன அகலங்க?"

மேனேஜர் சத்தியமூர்த்தி கொஞ்சம் யோசித்தார். "மூணடி இருக்கும் சார்."

"வெளி அளவா, உள் அளவா?"

"புரியல சார்."

"நிலைக் கட்டையையும் சேத்து மூணடியா? இல்ல, கட்டைக்கு உள்ள ஆளு நுழையிற எடம் மட்டும் மூணடியா? ஒரு டேப் வச்சுப் பாத்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"சார், நீங்க ரூம் போட வர்றீங்களா, கதவு போட வர்றீங்களா?"

அது ஏழாவது லாட்ஜ். முந்தின ஆறு பேரும் வாய் கூசாமல் மூணடி என்றார்கள். போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்தால், வாளியைத் தூக்கிக்கொண்டு நுழைவதே சிரமம். முப்பது வருஷமாகக் கதவு செய்கிறவனிடமே கதவளவில் கதை விடுகிறார்களே என்று முத்தையாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சத்தியமூர்த்தி மட்டும் கேலி பேசினாலும் நல்ல மனுஷர். டேப்பைத் தேடி எடுத்து, கட்டைக்கு உள்ளே வைத்துப் பார்த்து, முப்பது அங்குலம் என்றார். தரைத்தளம், படி கிடையாது. முத்தையா அப்போதே அறையைப் பிடித்துவிட்டார்.

இத்தனை பாடும் மகள் ராஜப்ரியாவுக்காக. வயது பதின்மூன்று. பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சக்கர நாற்காலிதான் அவளுக்குக் கால். வாய் மட்டும் நாலு பேருக்கு உரியது.

முழுப்பரீட்சை முடியட்டும், எங்கேயாவது போய் ரெண்டு நாள் இருந்துவிட்டு வருவோம் என்று பேச்சை எடுத்தவர் முத்தையாதான். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு அவள் யோசிக்கவே இல்லை.

"கொடைக்கானல். அங்க ஏரியச் சுத்தி ரோடு போகுதாம்ப்பா, தண்ணி ஓரத்துலயே. ஒரு சுத்து நானே தள்ளிட்டு வரணும். ஆனா ஒண்ணு."

"என்னத்தா?"

"வீட்டை விட்டுக் கெளம்புனதுலேர்ந்து திரும்பி வார வரைக்கும் என்னைய யாரும் தூக்கக் கூடாது. ஒருதடவகூட. தூக்குனீகன்னா அங்கயிருந்தே திரும்பிருவேன். இல்லாட்டி இப்பவே சொல்லிருங்க, நான் வரல."

முத்தையா சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

வள்ளிக்கண்ணு, அதாவது அவர் மனைவி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

முத்தையாவின் வாழ்க்கையை யாராவது எழுதப் புகுந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தினார். அப்பாவோடு வேலைக்குப் போனார். முதலில் இழைப்புளியில் சீவி விழுந்த மரச்சுருளைக் கூட்டி அள்ளினார், பிறகு இழைத்தார், இருபத்திரண்டு வயதில் தனியாக நிலை நட்டார். காரைக்குடியில் புதிதாக முளைத்த நகர்களில் பாதி வீட்டுக் கதவு அவர் கை பட்டது. தேக்கு போய் பிளைவுட் வந்தபோது அலட்டிக்கொள்ளாமல் அதையும் கற்றுக்கொண்டார். அதற்கு மேல் சொல்ல வேண்டும் என்றால், அவர் மகளைத் தூக்கிய கதைதான்.

மதுரை ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு ஏந்தியவர்தான், இறக்கவில்லை. ரெண்டு வயதில் இடது தோள். நாலு வயதில் கழுத்துக்கு மேலே, அவர் தலைமுடியை அவள் கடிவாளம் மாதிரிப் பிடித்துக்கொள்வாள். கொப்புடையம்மன் தேர் வருகிறபோது ஊரில் எல்லாரையும்விட அவளுக்குத்தான் முதலில் கலசம் தெரியும். "அப்பா, வந்துருச்சு, வந்துருச்சு" என்று உச்சந்தலையில் தட்டுவாள். அந்த நாட்களில் அவர் சட்டையெல்லாம் இடது தோளில் மட்டும் நைந்துபோகும். வள்ளிக்கண்ணு அலுத்துக்கொண்டே ஒட்டுப் போடுவாள். இப்போது நினைத்தால், அந்த ஒட்டுப்போட்ட சட்டைகளில் ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

கூடத்துச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. குற்றாலம், ஐந்தருவி. அவர் தோளில் ஐந்து வயது ராஜப்ரியா, ரெண்டு பேர் முகத்திலும் தண்ணீர் வழிகிறது. வேலை முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது முத்தையா தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

நிபந்தனை போட்ட மறுநாள் அந்தப் போட்டோவைக் காட்டி அவர் கேட்டார். "அன்னைக்கி எம்புட்டு சந்தோசமா இருந்த. இப்ப ஏன்த்தா வேணாங்குற?"

"அது நீங்க சந்தோசமா இருந்தது" என்றாள். "போட்டோ எடுத்து முடிச்சு இங்குட்டு வந்தமா, அப்ப ஒரு அம்மா என் கையில பத்து ரூவாயத் திணிச்சுச்சு. பாவம் புள்ளன்னுச்சு. நீங்க பாக்கல. அண்ணாந்து அருவியப் பாத்துக்கிட்டு இருந்தீக."

எட்டு வருஷமாகச் சுவரில் மாட்டி வைத்திருந்த சந்தோஷத்தில் பத்து ரூபாய் நோட்டு ஒன்று ஒளிந்திருந்தது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளே டேப்பை எடுத்துவிட்டார். ஒரு காரியத்தை அளந்துவிட்டால் பாதி முடிந்த மாதிரி என்று நம்புகிற ஆள். நாற்காலியை நடுக்கூடத்தில் நிறுத்தி, இந்தச் சக்கரத்தின் ஓரத்திலிருந்து அந்தச் சக்கரத்தின் ஓரம் வரை பிடித்தார். இருபத்தைந்து அங்குலம். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு பிளைவுட் துண்டில் எழுதினார்.

"என் கை எங்க போகும்?" என்று கேட்டாள் ராஜப்ரியா.

"கையா?"

"பின்னாடியிருந்து நீங்க தள்ளுனா இருபத்தஞ்சு போதும். நானே தள்ளுனா கை முட்டி ரெண்டும் வெளிய நிக்கும்ல. நெலையில இடிச்சுத் தோலு பேந்துரும்."

இத்தனை வருஷமாகப் பின்னாலிருந்தே தள்ளியவருக்கு அது தோன்றவே இல்லை. இருபத்தைந்தை அடித்துவிட்டு இருபத்தேழு என்று எழுதினார். ஏப்ரல் மாதம் முழுக்க அந்தப் பிளைவுட் துண்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. இருபத்தேழு நுழையாத எதுவும் அவர் கணக்கில் வாசலே இல்லை.

போகிற வழியில் கழிப்பறை வேண்டுமே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் பெட்ரோல் பங்க் பங்க்காக இறங்கி அளந்தார். ஒரு பங்க்கில் அவரை ஏதோ ஆபீஸ் ஆள் என்று நினைத்து, உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். இவரும் மறுக்காமல் குடித்துவிட்டு, கதவு ஒன்றரை அங்குலம் பற்றாது என்று குறை சொல்லிவிட்டு வந்தார். வேனில் ஏறுவதற்கு மூன்று மடிப்பாக ஒரு சாய்பலகை செய்து, சக்கரம் வழுக்காமல் ரப்பர் ஒட்டினார். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு அவளே கையூன்றி மாறிக்கொள்வாள். அதற்குக் கட்டில் உயரம் சரியாக இருக்க வேண்டும் என்று மறுபடியும் சத்தியமூர்த்தியைக் கூப்பிட்டார். சத்தியமூர்த்தி இந்தத் தடவை கேலி பேசவில்லை. "டேப் கையிலயே இருக்கு, சொல்லுங்க சார்" என்றார்.

மே மாதம் முதல் சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு வேன் வந்துவிட்டது. டிரைவர் பாண்டியராஜன் பழக்கமான பையன். வாசலில் கோலம், எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். பிள்ளையார்பட்டியில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு அப்படியே போய்விட வேண்டியது என்று பேச்சு. சாய்பலகையைப் போட்டு முத்தையாவே அதில் ரெண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். பெருமையோடு உள்ளே வந்து, புதுச் சுடிதாரில் உட்கார்ந்திருந்த மகளிடம் "கெளம்புவமா?" என்றார்.

அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு தலைவாசல் வரை வந்து நின்றாள். முத்தையா வழக்கம்போல் குனிந்தார். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்காலுக்கு அடியில்.

"அப்பா."

"ம்?"

"தூக்கக் கூடாதுன்னேன்ல."

முத்தையா கையை எடுத்துக்கொண்டார்.

எதிரே வாசற்படி. நிலையின் அடிக்கட்டை. ஆறு அங்குல உயரம், பர்மாத் தேக்கு. பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையில் தேடிப்பிடித்து வாங்கி, ராஜப்ரியா பிறந்த வருஷம் அவரே இழைத்து, அவரே நட்ட நிலை அது. தெருவிலிருந்து வாசல் வரை பிறகு சிமெண்டில் சரிவு போட்டார். உள்வாசல்களில் படியே இல்லாமல் கட்டினார். தலைவாசலில் மட்டும் படி நின்றது. தினமும் அவளைத் தூக்கித்தான் அதைத் தாண்டினார். பள்ளிக்கூடம் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. அதைத் தூக்குவது என்று அவர் நினைத்ததே கிடையாது. வீட்டுக்கு வருவது, வீட்டை விட்டுப் போவது, அவ்வளவுதான். காரைக்குடியிலிருந்து கொடைக்கானல் வரை வாசல் வாசலாக அளந்த மனுஷன், சொந்த வாசலில் டேப்பை வைக்கவில்லை.

"இந்த ஒருதடவ மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

"அப்ப நீங்க போயிட்டு வாங்க" என்றாள் ராஜப்ரியா. குரலில் கோபம் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. நாற்காலியைத் திருப்பப் போனாள்.

"இருத்தா, இரு. அந்தச் சாய்பலகையப் படிமேல போட்டு..."

"இன்னைக்கிப் பலகை போடுவீக. பள்ளிக்கூடம் தொறந்தா?"

முத்தையா வள்ளிக்கண்ணுவைப் பார்த்தார். "நட்ட நெலையில திரும்ப உளி வைக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லித்தான் தொழிலக் குடுத்தாரு. ஒனக்குத் தெரியாததா?"

அவள் நன்றாகவே அறிவாள். அரியக்குடியில் ஒருவர், நடக்க முடியாத தன் அம்மாவுக்காகப் படியை எடுத்துத் தரச் சொன்னபோது, வேறு ஆளைப் பாருங்கள் என்று இவர் கும்பிடு போட்டுவிட்டு வந்த ஆள்.

"வெள்ளிக்கெழமதோறும் அந்தப் படிக்கு மஞ்சளும் குங்குமமும் வைக்கிறவ நானு" என்றாள் வள்ளிக்கண்ணு. "நானே சொல்றேன், அறுங்க. சும்மா படிமேல பழியப் போடாதீக. வேனுக்குச் சாய்பலகை செய்யத் தெரிஞ்ச ஆளுக்கு, இந்த ஆறு அங்குலத்துக்கு ஒரு வழி தெரியாமலா இருந்துச்சு? புள்ளையத் தூக்குற ஆசை உங்களுக்கு விடல. அதுதேன் விசயம்."

முத்தையா குனிந்து அந்தப் படியைப் பார்த்தார். அவள் சொன்னது உண்மை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. வளர வளர மகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டாள். குளிக்க நானே, கட்டிலுக்கு நானே, பள்ளிக்கூடத்தில் நானே. மிச்சம் இருந்தது இந்தப் படி ஒன்றுதான். காலையில் நாலு விநாடி, சாயங்காலம் நாலு விநாடி. அவள் தலை அவர் தோளில் படும். எண்ணெய் வாசனை வரும். தேர் பார்த்த பிள்ளை அந்த நாலு விநாடிக்குத் திரும்பி வருவாள். அதை விடத்தான் அவருக்கு மனசு வரவில்லை. அப்பா சொன்ன முறை அதற்கு நல்ல சாக்காக இருந்தது.

பாண்டியராஜனிடம் போய், "தம்பி, ஒரு டீயக் குடிச்சிட்டு வா, கொஞ்சம் நேரமாகும்" என்றார்.

மெஷின் இருந்தும் எடுக்கவில்லை. கைரம்பத்தை எடுத்தார். வாசலில் உட்கார்ந்து, அந்தக் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பர்மாத் தேக்கு லேசில் விடுமா? ஒரு பக்கம் அறுத்து முடிக்கவே வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது. ராஜப்ரியா நாற்காலியை அருகில் கொண்டுவந்து, கட்டை ஆடாமல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மரத்தூள் அவள் புதுச் சுடிதாரில் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை.

கட்டையைப் பெயர்த்தபோது அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடைத்தது. நிலை நட்ட அன்று வைத்த நவதானியம் பொடிந்து கிடந்தது. வள்ளிக்கண்ணு அதைக் கும்பிட்டு வாங்கி சாமி அறையில் கொண்டுபோய் வைத்தாள். முத்தையா பள்ளத்தில் மணலை நிரப்பி, மேலே பலகை வெட்டி இறக்கி, தரையோடு தரையாகத் தட்டினார். பிறகு டேப்பை எடுத்து இந்தக் கட்டைக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவில் வைத்தார். முப்பத்தொன்பது அங்குலம். பதின்மூன்று வருஷமாக அகலம் தாராளமாகத்தான் இருந்திருக்கிறது.

மணி எட்டு. ராஜப்ரியா சக்கரத்தில் கை வைத்தாள். ஒரு தள்ளு, அவ்வளவுதான். சத்தமே இல்லாமல் நிலையைத் தாண்டி, சரிவில் இறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள். பிறந்ததிலிருந்து அந்த வாசலை அவள் தானாகத் தாண்டியது அன்றைக்குத்தான். வள்ளிக்கண்ணு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பைகளோடு பின்னால் ஓடினாள்.

வாசலில் முத்தையா மட்டும் நின்றார். அறுத்தெடுத்த கட்டையைத் தரையில் போட அவருக்கு மனசு வரவில்லை. எடுத்தார். ஒரு கை இந்த முனைக்கு, ஒரு கை அந்த முனைக்கு அடியில். மஞ்சளும் குங்குமமும் அவர் சட்டையில் ஒட்டின. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே ஏந்திக்கொண்டு நின்றார்.

வேனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா, அதை அங்குட்டு வச்சிட்டு வாங்க. நான் ஏறிட்டேன்."