ஒலிம்பிக் சுடரும் என் வெள்ளைப் புறாக்களும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் முதன்முதலில் டச் போன் வாங்கியவர் சித்தப்பாதான். ஹாலிஎல டவுனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அவர், ஹயர் கிடைக்காத நேரமெல்லாம் போனை நோண்டுவார். அதில் கண்டதையெல்லாம் சாயங்காலம் வீட்டில் வந்து அவிழ்த்துவிடுவார். அந்த வருடம் ஒலிம்பிக் நடந்ததால் எல்லாம் அதைப் பற்றியே இருந்தது. தங்க மெடலுக்கு உள்ளே இருப்பது வெள்ளியாம், மேற்பூச்சு மட்டும்தான் தங்கமாம். கயிறிழுப்பதற்கும் கவிதை எழுதுவதற்கும்கூட ஒரு காலத்தில் மெடல் கொடுத்தார்களாம்.

"புளுகுறதுக்கும் குடுத்தா மொத மெடல் ஒனக்குத்தான்டா" என்பார் அப்பா. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி வந்தது. ஒலிம்பிக் சுடர் ஏற்றித் தொடங்குவது எப்போதும் உள்ள வழக்கம். அந்த முறை புறாவும் பறக்கவிட வேண்டும் என்று பி.டி. சாருக்கு ஆசை வந்துவிட்டது. தோட்டத்தில் வெள்ளைப் புறா என்னிடம் மட்டும்தான் இருந்தது. பழைய தேயிலைப் பெட்டியில் வைத்து வளர்த்தேன். அவற்றின் மேல் எனக்கு உயிர். சார் கேட்டதும் பெருமையில் தலைகால் புரியாமல் சம்மதித்துவிட்டேன்.

அதைக் கேட்ட சித்தப்பாவின் முகம் மாறியது.

"வேணாம்ணே. கொரியாவுல ஒலிம்பிக் நடந்தப்ப, பறக்கவிட்ட புறாவெல்லாம் சுடர் ஏத்துற சட்டியில போயி குந்திக்கிச்சு. அப்படியே பத்தவச்சுட்டாங்க. ஒலகமே டிவியில பாத்துக்கிட்டு இருந்துச்சு."

நான் அப்பாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"புள்ளைய பயமுறுத்தாதடா. சமாதானத்துக்கு விடுற புறாவ எவனாச்சும் கொளுத்துவானா?" என்றார் அப்பா. அது எனக்கு நியாயமாகப் பட்டது.

போட்டியன்று தோட்டத்து நிர்வாகியான துரை வந்து நாற்காலியில் அமர்ந்தார். சுடருக்காகக் கோயிலிலிருந்து சோறாக்கும் பெரிய தாச்சிச் சட்டியைக் கொண்டுவந்து, உயரமான இரும்புக் காலின் மேல் வைத்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் போட்டிருந்தார்கள். என் புறாக்களும் வீட்டில் ஓர் ஓட்டைத் தாச்சியில்தான் தினமும் நெல் தின்னும். அதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

துரை கூடையைத் திறந்தார். புறாக்கள் மேலே போய் வட்டமடித்தன, கைதட்டல் காதைப் பிளந்தது. பிறகு ஒவ்வொன்றாக இறங்கி வந்து, தாச்சியின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தன.

தீப்பந்தத்தோடு ஓடி வந்த பெரிய வகுப்பு அண்ணன், போட்டோ எடுப்பவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டு பந்தத்தை நீட்டினார். கத்துவதற்கு வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை.

மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் குதித்த சித்தப்பா, ஒரே ஓட்டமாக ஓடி, தாச்சிக்கு மேல் கையை வீசிப் புறாக்களை விரட்டினார். அந்த நொடியில் தாச்சி பக்கென்று பற்றிக்கொண்டது. புறாக்கள் சிதறிப் பறந்தன. ஒன்றின் வால் கருகியிருந்தது.

"காலையிலயே குடிச்சிட்டான்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. உடனே எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சித்தப்பாவைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

"தொரைக்கு முன்னால மானத்த வாங்கிட்டியேடா!"

நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் புறாக்கள் பெட்டிக்கு வந்துவிட்டிருந்தன.

நான் வளர்ந்து பெரியவளான பிறகு ஒருநாள் நானே போனில் தேடிப் பார்த்தேன். வெள்ளி மெடல், கயிறு, கவிதை, கொரியாவில் கருகிய புறாக்கள், எல்லாமே உண்மை.

அந்தப் போட்டி நடந்த அன்று சாயங்காலம் சித்தப்பா வலது கையில் துணி சுற்றியிருந்தார்.

"வலிக்குதா சித்தப்பா?"

"இல்ல புள்ள. லேசா சூடு பட்டுச்சு, அவ்வளவுதான்."

மறுநாள் முதல் ஆட்டோ லயத்துக்குக் கீழே ரோட்டோரமாகவே நின்றது. ஏன் ஓட்டவில்லை என்று கேட்டதற்கு, ஹயரே இல்லை என்றார். ஆட்டோவின் எக்சிலேட்டரை வலது கையால்தான் திருக வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் எதைச் சொன்னாலும் சிரித்த நான், இதை மட்டும் அப்படியே நம்பினேன். ஆட்டோ சும்மா நிற்கிறதே என்ற சந்தோஷத்தில், தினமும் அதற்குள் ஏறி உட்கார்ந்து ஹார்ன் அடித்து விளையாடினேன்.